பிக்அப் டிரக்கில் கூஸ்நெக் ஹிட்ச்: துளை போடுவதற்கு முன் புரிந்துகொள்ள வேண்டியவை

டெக்சஸ், ஓக்லஹோமா, கன்சாஸ் பக்கம் பண்ணைச் சாலைகளில் அடிக்கடி கண்ணில் படும் வண்டி இது. முன்னால் ஒரு பிக்அப் டிரக், பின்னால் முப்பது அடி நீளத்துக்கு மாடோ குதிரையோ வைக்கோல் உருளைகளோ ஏற்றிய டிரெய்லர். சாதாரண டிரெய்லர் டிரக்கின் பின் பம்பருக்குக் கீழே மாட்டியிருக்கும். இது அப்படியல்ல. டிரெய்லரின் முன்னாலிருந்து ஒரு இரும்புக் கழுத்து எழும்பி, டிரக்கின் பின்கதவைத் தாண்டி உள்ளே வந்து, சரக்கு ஏற்றும் திறந்த தொட்டியின் நடுவில் நேராகக் கீழே இறங்கும். இறங்கும் இடத்தில் ஓர் இரும்புக் குண்டு இருக்கும். கழுத்தின் அடியில் உள்ள கப்ளர் அந்தக் குண்டைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். டிரெய்லருக்குக் கூஸ்நெக் டிரெய்லர் என்று பெயர். டிரக்கில் அந்தக் குண்டையும் அதைத் தாங்கும் இரும்புச் சட்டத்தையும் சேர்த்து கூஸ்நெக் ஹிட்ச் என்கிறார்கள்.

அமெரிக்காவில் வேலைக்குப் போய், புறநகரில் கொஞ்சம் நிலம் வாங்கி, குதிரையோ டிராக்டரோ வைத்திருப்பவர்கள் நம் ஆட்களிலும் இருக்கிறார்கள். அவர்கள் முதலில் கேட்பது, "தொட்டியில் ஓட்டை போட்டு ஒரு குண்டு மாட்டுவதற்கு ஏன் இவ்வளவு பேச்சு?" என்பதுதான். ஓட்டை போடுவது பெரிய வேலை இல்லை. அது எங்கே விழுகிறது, அதன் அடியில் எது தாங்குகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

குண்டு ஏன் பின் அச்சுக்கு மேல்?

மாட்டு வண்டியில் பாரம் ஏற்றியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்ற இரண்டு சொற்களும் பழக்கம். பின்பாரம் கூடினால் நுகத்தடி மேலே தூக்கும், வண்டி குடைசாயப் பார்க்கும். முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்து நசுங்கும். ஆகவே அளவாக முன்பாரம் வைத்து ஏற்றுவார்கள். டிரெய்லரிலும் கணக்கு அதேதான். டிரெய்லரின் மொத்த எடையில் ஒரு பங்கு முன்னால் விழுந்தே ஆக வேண்டும். விழாவிட்டால் ஐம்பது அறுபது மைல் வேகத்தில் டிரெய்லரின் பின்பகுதி இடமும் வலமுமாக ஆடத் தொடங்கும்.

பம்பருக்குக் கீழே மாட்டும் டிரெய்லரில் இந்த முன்பாரம் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும் என்பது வழக்கமான விதி. கூஸ்நெக்கில் 15 முதல் 25 சதவீதம் வரை வைக்கிறார்கள். அதாவது கூஸ்நெக் டிரக்கின் மேல் அதிகமாகவே அழுத்துகிறது. அப்படியிருந்தும் அதுதான் நிதானமாக ஓடுகிறது. காரணம், அழுத்தம் விழும் இடம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். டிரக்கின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 150 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பம்பர் ஹிட்ச் பின் அச்சிலிருந்து 50 அங்குலம் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது. அதன் மேல் 2,000 பவுண்டு, அதாவது சுமார் 900 கிலோ, இறங்குகிறது. பின் அச்சு நெம்புகோலின் தாங்குமுனையாகிவிடுகிறது. 2,000-ஐ 50-ஆல் பெருக்கி 150-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 667 பவுண்டு. அவ்வளவு எடை முன் சக்கரங்களிலிருந்து தூக்கப்படுகிறது. அதுவும் சேர்ந்து பின் அச்சின் மேல் 2,667 பவுண்டு ஏறுகிறது. திருப்புவதும் முன் சக்கரம், பிரேக்கில் பெரும்பங்கு பிடிப்பதும் முன் சக்கரம். அதன் காலைத் தரையிலிருந்து தூக்கிவிட்டு எப்படி ஓட்டுவது?

அதே 2,000 பவுண்டைப் பின் அச்சுக்கு மூன்று அங்குலம் முன்னால் இறக்குங்கள். இப்போது முன் சக்கரங்களின் மேல் 40 பவுண்டு கூடுகிறது. மீதி 1,960-ம் நேராகப் பின் அச்சில். டிரக்கின் மூக்கு தூக்காது, பின்பக்கம் மட்டும் ஸ்பிரிங் அனுமதிக்கிற அளவுக்குக் கொஞ்சம் அமரும். கூஸ்நெக் குண்டைப் பின் அச்சுக்கு நேர் மேலேயோ சில அங்குலம் முன்னாலோ வைப்பதற்கு இதுதான் காரணம். பின்னால் தள்ளி வைக்கவே கூடாது.

பக்கவாட்டு ஆட்டத்துக்கும் இதே பதில்தான். பக்கக் காற்று அடித்தோ பெரிய லாரி கடந்து போயோ டிரெய்லர் பக்கவாட்டில் தள்ளும்போது, பம்பர் ஹிட்ச்சில் அந்தத் தள்ளல் அச்சுக்கு நாலடி பின்னால் விழுந்து டிரக்கையே திருப்பிவிடப் பார்க்கும். கூஸ்நெக்கில் அதை நேரடியாகப் பின் டயர்கள் வாங்கிக்கொள்கின்றன. டிரக்கைத் திருப்புவதற்கு நெம்புகோலே இல்லை. இந்தியச் சாலைகளில் ஓடும் கன்டெய்னர் லாரிகளிலும் இழுக்கும் வண்டியின் பின் அச்சுகளுக்கு மேலேதான் டிரெய்லர் உட்கார்ந்திருக்கிறது. அங்கே குண்டுக்குப் பதில் வட்டத் தகடும், டிரெய்லரின் அடியில் நீட்டிக்கொண்டு அதில் மாட்டும் இரும்பு முளையான கிங்பின்னும். அமெரிக்காவில் வீடு மாதிரியான பெரிய கேம்பிங் டிரெய்லர்களுக்கும் பிக்அப்பில் அந்தத் தகட்டு அமைப்பைத்தான் மாட்டுகிறார்கள்; அதற்கு ஃபிஃப்த் வீல் என்று பெயர். பண்ணை, குதிரை, இயந்திரம் ஏற்றும் வேலைகளுக்குக் கூஸ்நெக். தொட்டியில் இடத்தை அடைக்காது, மேடுபள்ளமான மண் பாதையில் எல்லாப் பக்கமும் தாராளமாக அசைந்து கொடுக்கும்.

எந்த வகை?

குண்டின் விட்டம் பெரும்பாலும் 2 5/16 அங்குலம், அதாவது 59 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. மிகக் கனமான வேலைக்கு 3 அங்குலக் குண்டும் உண்டு. குண்டும் கப்ளரும் ஒரே அளவா என்று பார்ப்பது முதல் வேலை. "கிட்டத்தட்டப் பொருந்துகிறது" என்பது இங்கே எடுபடாது.

அதிகம் பேர் போடுவது தொட்டிக்கு அடியில் ஒளிந்திருக்கும் வகை. சேசிஸ் சட்டங்களுக்குக் குறுக்கே இரும்புச் சட்டம் தொட்டிக்கு அடியில் இருக்கும். மேலே தெரிவது ஒரு வட்டத் துளையும் குண்டும் மட்டும். வேலை இல்லாதபோது குண்டை உருவித் தலைகீழாக அதே துளைக்குள் செருகிவிட்டால் தொட்டி சமதளமாகிவிடும், மரப்பலகை ஏற்றலாம். கன்சாஸின் ஹம்போல்ட் என்ற சிற்றூரில் இருக்கும் பி அண்ட் டபிள்யூ நிறுவனத்தின் டர்ன்ஓவர்பால் இந்த வகையில் எல்லோருக்கும் தெரிந்த பெயர். கர்ட் போன்ற நிறுவனங்களும் இதேபோல் செய்கின்றன.

இரண்டாவது வகையில் தண்டவாளம் போன்ற இரண்டு இரும்புப் பட்டைகளையும் ஒரு தகட்டையும் தொட்டிக்கு மேலேயே பொருத்துவார்கள். மாட்டுவது எளிது, ஆனால் எப்போதும் ஏதோ ஒன்று தொட்டியில் துருத்திக்கொண்டே இருக்கும். ஃபிஃப்த் வீலுக்காக ஏற்கெனவே பட்டைகள் போட்டிருப்பவர்களுக்கு இது சரி.

மூன்றாவது, தொழிற்சாலையிலேயே தயாராக வருவது. ஃபோர்டு தன் சூப்பர் டியூட்டி டிரக்குகளில் 2011 மாடலிலிருந்து இதை ஒரு தெரிவாகக் கொடுக்கிறது; ராம் என்ற டிரக் நிறுவனமும் ஜெனரல் மோட்டார்ஸும் பின்னால் வந்தன. தொட்டித் தரையில் ஐந்து துளைகள் மூடிபோட்டு இருக்கும். நாலு மூலைத் துளைகள் ஃபிஃப்த் வீலுக்கு, நடுத்துளை கூஸ்நெக் குண்டுக்கு. அடியில் சட்டம் ஏற்கெனவே பொருத்தப்பட்டிருக்கும் என்பதால் குண்டை இறக்கிப் பூட்டினால் வேலை முடிந்தது. இனிமேல்தான் டிரக் வாங்கப் போகிறீர்கள், கூஸ்நெக் இழுப்பது உறுதி என்றால், இதைத் தேர்ந்தெடுத்து வாங்குவதே புத்திசாலித்தனம் என்பேன். பிறகு துளை போட்டு அலைவதைவிடச் செலவு பெரிதாக அதிகமாகாது.

நாலாவதாக, ஃபிஃப்த் வீல் டிரெய்லரின் கிங்பின்னில் ஒரு நீண்ட குழாயை மாட்டி அதைக் கூஸ்நெக் குண்டில் இறக்கும் அடாப்டர்கள் கிடைக்கின்றன. சுருக்கு வழி மாதிரி தெரியும். ஆனால் பிடிமானப் புள்ளி கீழே இறங்கிவிடுவதால், பிரேக் போடும்போதும் இழுக்கும்போதும் அந்தக் குழாய் நெம்புகோலாகி, டிரெய்லரின் முன் சட்டத்தை முறுக்கும். டிரெய்லர் சட்டம் செய்யும் நிறுவனங்கள் சில, குறிப்பிட்ட மாடல் அடாப்டர் அல்லாமல் வேறு எது மாட்டினாலும் உத்தரவாதம் இல்லை என்று சொல்லக் காரணம் அதுதான்.

30,000 பவுண்டு என்ற எண்ணை நம்பி இறங்காதீர்கள்

பெரும்பாலான தொட்டியடி ஹிட்ச்களின் பெட்டியில் 30,000 பவுண்டு இழுக்கும், செங்குத்தாக 7,500 பவுண்டு தாங்கும் என்று எழுதியிருக்கும். கிலோவில் முறையே 13,600, 3,400. புதிதாக வருபவர்கள் ஏமாறும் இடம் இது. அது அந்த இரும்பின் திறன். உங்கள் டிரக்கின் திறன் அல்ல. டிரக், ஹிட்ச், குண்டு, டிரெய்லர், கப்ளர் ஆகியவற்றில் எதன் எண் எல்லாவற்றிலும் குறைவோ அதுதான் உங்கள் எல்லை.

டிரக்கின் எண் எங்கே இருக்கிறது? ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர். ஆட்களும் சரக்கும் சேர்த்து இத்தனை பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்று ஓர் எண் அதில் அச்சிட்டிருக்கும். விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் வரும் இழுவைத் திறனைவிட இந்த எண்தான் கூஸ்நெக்குக்கு முக்கியம். ஏனென்றால் கூஸ்நெக்கின் முன்பாரம் முழுவதும் டிரக்கின் முதுகில் ஏறுகிறது. அது சரக்குக் கணக்கில்தான் சேரும்.

14,000 பவுண்டு மாட்டு டிரெய்லர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். இருபது சதவீதம் முன்பாரம் என்றால் 2,800. ஹிட்ச் இரும்பு 150 என்று வையுங்கள். வண்டிக்குள் நாலு பேர், ஆளுக்கு 175 வீதம் 700. மொத்தம் 3,650 பவுண்டு. டீசல் எஞ்சினும் நாலு கதவுக் கேபினும் உள்ள முக்கால் டன் டிரக் (அரை டன், முக்கால் டன், ஒரு டன் என்பவை டிரக் வகைகளின் பெயர்கள்தான், உண்மையான சுமை அளவு அல்ல) ஒன்றின் கதவைத் திறந்து பார்த்தால் 2,000-க்கும் 2,500-க்கும் இடையே ஓர் எண் இருப்பது சகஜம். எஞ்சினுக்கு இழுக்கத் தெம்பு இருக்கும், பின் அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் டயருக்கும் தாங்கத் தெம்பு இருக்காது. இந்த வேலைக்கு ஒரு டன் வகை டிரக் தேவை. பின்னால் இரட்டைச் சக்கரம் உள்ளதாக இருந்தால் இன்னும் நல்லது.

அரை டன் டிரக்குகளுக்கும் கூஸ்நெக் கிட் விற்கிறார்கள். மாட்டவும் மாட்டலாம். ஆனால் அவற்றின் சரக்கு எண் பலசமயம் 1,500 முதல் 2,000 பவுண்டு அளவில்தான் இருக்கும். 10,000 பவுண்டு டிரெய்லரே இருபது சதவீதக் கணக்கில் அதை முழுதாகத் தின்றுவிடும், ஓட்டுநர் ஏறுவதற்கு முன்பே. பின் ஸ்பிரிங்குக்குத் துணையாக ஏர் பேக் என்ற காற்றுப் பை மாட்டினால் சரியாகிவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. ஏர் பேக் பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தும். ஸ்டிக்கரில் உள்ள எண்ணை மாற்றாது.

அரசுச் சட்டம் சொல்லும் எண்ணும் ஒன்று இருக்கிறது. டிரக், டிரெய்லர் இரண்டின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 26,001 பவுண்டோ அதற்கு மேலோ ஆகி, அதில் டிரெய்லரின் பங்கு 10,000-க்கு மேல் போனால், வாடகைக்கோ தொழிலுக்கோ ஓட்ட ஏ வகுப்பு வணிக ஓட்டுநர் உரிமம் வேண்டும். பண்ணைக்காரர்களுக்கும் சொந்தக் கேம்பிங் வண்டிக்கும் விலக்குகள் உண்டு. அவை மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

மாட்டும் வேலை

கிட் வாங்கும்போது டிரக்கின் கம்பெனி, மாடல் ஆண்டு, தொட்டி நீளம் மூன்றையும் சொல்லி வாங்க வேண்டும். ஒரே பெயரில் வரும் டிரக்கிலும் ஆண்டுக்கு ஆண்டு சேசிஸ் துளைகள் இடம் மாறியிருக்கும். தொட்டி நீளம் இன்னொரு காரணத்துக்காகவும் முக்கியம். எட்டடித் தொட்டியில் கேபினுக்கும் குண்டுக்கும் இடையே தாராளமாக இடம் இருக்கும். ஆறரை அடித் தொட்டியில், கூர்மையாகத் திரும்பும்போது டிரெய்லரின் மூக்கு கேபினின் பின் கண்ணாடியைத் தொடுமா என்று அளந்து பார்க்க வேண்டும். கூஸ்நெக்கின் கழுத்து ஒல்லி என்பதால் ஃபிஃப்த் வீல் அளவுக்குப் பயம் இல்லை. அகலமான முன்பகுதி கொண்ட குதிரை டிரெய்லர்களுக்குக் கட்டாயம் அளக்க வேண்டும்.

சமதளத்தில் டிரக்கை நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்துவிட்டு, முதலில் அடியில் தொங்கும் ஸ்டெப்னியை இறக்கிவிடுங்கள். வேலை செய்ய இடம் கிடைக்கும். பின் சக்கரங்களுக்கு மேல் இருக்கும் பிளாஸ்டிக் மறைப்புகளையும் கழற்றினால் சேசிஸின் வெளிப்பக்கம் கைக்கு எட்டும். பல டிரக்குகளில் சைலன்சர் குழாயைத் தாங்கும் ரப்பர்களைக் கழற்றிக் குழாயைக் கொஞ்சம் இறக்கினால்தான் குறுக்குச் சட்டம் உள்ளே நுழையும். இதையெல்லாம் துளை போடுவதற்கு முன்பே செய்துவிடுங்கள். துளை போடும் இடத்துக்கு அடியில் என்ன ஓடுகிறது என்று கீழே படுத்து ஒருமுறை கண்ணால் பார்க்காமல் டிரில்லைத் தொடக் கூடாது. பெட்ரோல் அல்லது டீசல் குழாய், பிரேக் குழாய், ஒயர் கட்டு எல்லாம் அந்தப் பக்கமாகத்தான் போகும்.

துளையின் இடத்தைக் கிட்டுடன் வரும் தாள் சொல்லும்: தொட்டியின் பின்விளிம்பிலிருந்து இத்தனை அங்குலம். அந்த எண் உங்கள் டிரக்கின் அச்சு இருக்கும் இடத்தை வைத்துக் கணக்கிட்டது. பக்கவாட்டில் நடு எங்கே என்பதைத் தொட்டிக்குள் துருத்தும் இரண்டு சக்கர மேடுகளுக்கு இடையே அளந்து பாதியாக்க வேண்டும். அளப்பதைப் பின்கதவின் விளிம்பிலிருந்து தொடங்குவது பலரும் செய்யும் தவறு. தாள் கேட்பது தொட்டித் தரையின் விளிம்பு. பிளாஸ்டிக் லைனர் போட்டிருந்தால் அதை எடுத்துவிட்டு அளக்கவும்.

குறித்த இடத்தில் முதலில் சிறிய துளை ஒன்று. உடனே கீழே போய், அந்தத் துளை தொட்டியின் அடிச்சட்டங்களுக்கு நடுவே, தாளில் உள்ள படத்தில் காட்டியிருக்கும் இடத்தில் வந்திருக்கிறதா என்று பாருங்கள். தப்பாக இருந்தால் இப்போது ஒரு சின்ன ஓட்டையோடு போகும்; அடைத்துவிடலாம். சரியாக இருந்தால் சுமார் நாலு அங்குல விட்டமுள்ள, வட்டமாக அறுக்கும் ஹோல் சாவை டிரில்லில் மாட்டி, குறைந்த வேகத்தில், எண்ணெய் விட்டு, அவசரப்படாமல் அறுக்க வேண்டும். தகட்டின் மடிப்பில் ஒரு பக்கம் முதலில் அறுபட்டு ஹோல் சா சட்டென்று மாட்டிக்கொள்ளும். டிரில் கையை முறுக்கிவிடும். இரண்டு கையாலும் பிடியுங்கள், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். அறுத்த விளிம்பை அரத்தால் மழுப்பி, பிரைமரும் பெயின்ட்டும் அடிக்க வேண்டும். சிதறிய இரும்புத் தூளையும் கூட்டி எடுத்துவிடுங்கள். ஒரு மழை போதும், தொட்டி முழுக்கத் துருப்புள்ளி வந்துவிடும்.

இங்கே ஒரு விஷயத்தை நிறுத்திச் சொல்ல வேண்டும். தொட்டி என்பது மெல்லிய தகடு. ஃபோர்டு சூப்பர் டியூட்டியில் 2017 மாடலிலிருந்து அது அலுமினியமும்கூட. தொட்டி எதையும் தாங்குவதில்லை. துளை வழியாகக் குண்டு எட்டிப் பார்க்கிறது, அவ்வளவுதான். முழுப் பாரமும் குண்டிலிருந்து அதைப் பிடித்திருக்கும் நடுப்பெட்டிக்கும், அங்கிருந்து குறுக்குச் சட்டங்களுக்கும், பக்கத் தகடுகள் வழியாகச் சேசிஸுக்கும் இறங்க வேண்டும். இந்தப் பாதையில் எங்காவது ஒரு இடத்தில் தொட்டித் தகடு சுமை தாங்கும்படி ஆகிவிட்டால் அது நசுங்கும், நசுங்கியதும் போல்ட் தளரும். "தடிமனான ஒரு தகட்டை வைத்துத் தொட்டியிலேயே போல்ட் போட்டுவிடலாமே" என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

குறுக்குச் சட்டங்களைச் சக்கர மேட்டின் பக்கமிருந்து, தொட்டிக்கும் சேசிஸுக்கும் இடையே உள்ள சந்துக்குள் நுழைக்க வேண்டும். சில டிரக்குகளில் சந்து போதாது. தொட்டியைப் பிடிக்கும் போல்ட்களைத் தளர்த்தித் தொட்டியைக் கொஞ்சம் தூக்கினால்தான் நுழையும். அடுத்து நடுப்பெட்டி. இது ஒருவர் படுத்துக்கொண்டு தூக்கக்கூடிய கனம் அல்ல. ஜாக்கியின் மேல் வைத்து மெதுவாக ஏற்றி, அதன் வாய் தொட்டித் துளைக்கு நேராக வரும்படி ஒருவர் மேலிருந்து சொல்ல வேண்டும், ஒருவர் கீழிருந்து நகர்த்த வேண்டும். வந்ததும் குறுக்குச் சட்டங்களோடு போல்ட்டைக் கையால் முடுக்கும் அளவுக்கு மட்டும் போடுங்கள்.

பிறகு சேசிஸின் இரு பக்கமும் பக்கத் தகடுகள். பெரும்பாலான கிட்கள் சேசிஸில் ஏற்கெனவே உள்ள துளைகளையே பயன்படுத்துகின்றன. தாள் சொன்னால் மட்டுமே சேசிஸில் புதுத் துளை போடுங்கள். வெல்டிங் கூடவே கூடாது: சேசிஸ் உயர்வலு எஃகு, வெல்டிங் சூட்டில் அந்த இடத்தின் வலு போய்விடும். எல்லா போல்ட்டும் தளர்வாக உட்கார்ந்த பிறகு, நடுப்பெட்டியைத் தொட்டியோடு ஒட்டும்படி மேலே இழுத்து, தாளில் சொன்ன வரிசைப்படி ஒவ்வொன்றாக முடுக்க வேண்டும். இதற்கு இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வேண்டும். "நன்றாக இறுக்கிவிட்டேன்" என்பது ஓர் அளவு அல்ல. குறைவாக இறுக்கினால் தளரும், அதிகமாக இறுக்கினால் போல்ட் நீண்டு வலுவிழக்கும். கிட்டில் வரும் போல்ட் தொலைந்தால் பக்கத்துக் கடையில் கிடைப்பதைப் போடாமல் அதே தரத்தில் வாங்குங்கள்.

கடைசியாக, குண்டின் இரு பக்கமும் பாதுகாப்புச் சங்கிலி மாட்டுவதற்கான யு போல்ட்கள். இவற்றுக்குத் தொட்டியில் தனியாகச் சிறு துளைகள் உண்டு. அடியில் ஸ்பிரிங் இருப்பதால் வேலை இல்லாதபோது தரையோடு படிந்துகொள்ளும், இழுத்தால் எழும்பும். இவையும் கீழுள்ள இரும்பில்தான் பிடித்திருக்க வேண்டும். பூட்டை விடுவிக்கும் கைப்பிடி பெரும்பாலும் ஓட்டுநர் பக்கப் பின் சக்கர மேட்டுக்குள் வரும். குண்டைச் செருகி, கைப்பிடியை இழுத்து, விட்டு, பூட்டுகிறதா என்று பலமுறை பாருங்கள்.

இரண்டு பேர் சேர்ந்தால் அரை நாள் வேலை. துருப்பிடித்த பழைய டிரக் என்றால் ஒரு நாளே போகும். கருவிகளில் கைப்பழக்கம் இல்லாதவர்கள் ஹிட்ச் கடையில் கொடுத்துவிடுவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. தாளை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு, வேலை முடிந்ததும் கீழே குனிந்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

மின்சாரம்

பம்பருக்குக் கீழே இருக்கும் ஏழு முனை சாக்கெட் வரை டிரெய்லர் ஒயரை இழுத்தால், திருப்பத்தில் அது பின்கதவில் சிக்கி அறுந்துபோகும். ஆகவே தொட்டிக்குள், பின்பக்க மூலையில் இன்னொரு சாக்கெட் வைப்பார்கள். பின் பம்பருக்கு உள்ளே டிரக்கின் ஒயர் இணைப்பு இருக்கும் இடத்தில் இடைச்செருகலாக மாட்டும் ஒயர்கள் டிரக் வாரியாகக் கிடைக்கின்றன; ஒயரை வெட்டி ஒட்டத் தேவையில்லை. இதன் வழியாகத்தான் விளக்குகளும் டிரெய்லரின் மின் பிரேக்கும் இயங்கும். டிரெய்லர் பிரேக்கை டிரக்கிலிருந்து இயக்கும் பிரேக் கன்ட்ரோலர் ஏற்கெனவே இல்லையென்றால் ஒன்று மாட்டியாக வேண்டும். 14,000 பவுண்டை டிரக்கின் பிரேக் மட்டும் நிறுத்தாது.

முதல்முறை மாட்டும்போது

பின்கதவைத் திறந்துவிட்டுத்தான் பின்னால் போக வேண்டும். மூடிய கதவோடு போய் மோதியவர்களும், டிரெய்லரைக் கழற்றிய பின் கதவை மூடிவிட்டு, கழுத்து இன்னும் தொட்டிக்குள் இருப்பதை மறந்து முன்னே ஓட்டியவர்களும் அமெரிக்கப் பண்ணைகளில் ஏராளம். கதவு இரண்டாக மடிந்துவிடும்.

குண்டில் கிரீஸ் தடவி, கப்ளரை நேர் மேலே கொண்டுவந்து, டிரெய்லரின் ஜாக்கியை இறக்குங்கள். கப்ளர் உட்கார்ந்ததும் தாழ்ப்பாளைப் பூட்டி அதன் பின்னையும் செருகுங்கள். இப்போது ஜாக்கியைத் திரும்பக் கொஞ்சம் ஏற்றிப் பாருங்கள்: டிரெய்லரோடு டிரக்கின் பின்பக்கமும் சேர்ந்து எழும்பினால் பூட்டு பிடித்திருக்கிறது, கப்ளர் மட்டும் தனியாக எழும்பினால் பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் சங்கிலிகள், மின் இணைப்பு, அடுத்து டிரெய்லர் பிரிந்தால் தானாகப் பிரேக் போடும் பிரேக்அவே கம்பி. எல்லாம் மாட்டிய பிறகு ஜாக்கியை முழுதாக மேலே எடுங்கள்.

கீழே இறங்கித் தள்ளி நின்று பக்கவாட்டில் பாருங்கள். டிரெய்லர் கிட்டத்தட்டச் சமமாக நிற்க வேண்டும். மூக்கு தூக்கி நின்றால் டிரெய்லரின் பின் அச்சில் பாரம் கூடும். கப்ளரின் உயரத்தைக் கூட்டிக் குறைக்க வழி இருக்கும். அதே சமயம் தொட்டியின் பக்கச் சுவர் விளிம்புக்கும் டிரெய்லரின் அடிக்கும் இடையே ஆறு அங்குலமாவது இடைவெளி வேண்டும். சமதளத்தில் நாலு அங்குலம் போதும்போலத் தெரியும். ஓடை இறங்கி ஏறும் பண்ணைப் பாதையில் டிரக் மூக்கைத் தாழ்த்தும்போது டிரெய்லர் தொட்டியின் மேல் உட்காரும்.

ஓட்டுவதில் பம்பர் டிரெய்லருக்குப் பழகியவர்களுக்கு ஒரு வித்தியாசம் உடனே தெரியும். பம்பர் ஹிட்ச் திருப்பத்தில் வெளிப்பக்கமாக வீசி டிரெய்லரையும் கொஞ்சம் வெளியே இழுத்துச் செல்லும். கூஸ்நெக் குண்டு அச்சுக்கு மேலேயே இருப்பதால் அந்த வீச்சு இல்லை; டிரெய்லர் முனையை வெட்டிக்கொண்டு உள்ளே வரும். தெரு முனையில் நடைபாதைக் கல்லில் ஏறாமல் இருக்க அகலமாக எடுத்துத் திருப்ப வேண்டும். ரிவர்ஸில் நிலைமை நேர்மாறு: டிரெய்லர் மெதுவாகத்தான் திரும்பத் தொடங்கும், அதனால் ஓட்டுவது எளிது. கிட்டத்தட்ட செங்கோணம் வரை மடக்கி நிறுத்தலாம்.

முதல் ஓட்டம் முடிந்து வந்ததும் எல்லா போல்ட்டையும் மீண்டும் டார்க் ரெஞ்ச் வைத்துப் பாருங்கள். பெயின்ட் நசுங்கி, இரும்போடு இரும்பு படிந்து, ஒன்றிரண்டு தளர்ந்திருக்கும். அதற்குப் பிறகு ஆண்டுக்கொரு முறை போதும். குண்டு தலைகீழாக இருக்கும் குழிக்குள் மண்ணும் வைக்கோல் துரும்பும் மழைத் தண்ணீரும் சேரும். குளிர்காலத்தில் உப்புத் தூவிய சாலைகளில் ஓடும் டிரக் என்றால் சீக்கிரமே குண்டு உள்ளே துருப்பிடித்துச் சிக்கிக்கொள்ளும். அவ்வப்போது உருவித் துடைத்து, கிரீஸ் தடவிச் செருகி வையுங்கள். பூட்டுக் கைப்பிடிக்கும் இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள்.